சியாங் மாய்ல ஸ்கூட்டர் வாடகை எடுத்து மே ஹாங் சோன் லூப்: கடை எப்படி, வண்டி எப்படி

கடை பேரு இதுல வராது, தேடாதீங்க. நல்லதும் எழுதப்போறேன், கடுப்பானதும் எழுதப்போறேன், பேரு போட்டுட்டு அத செஞ்சா அந்த கடைக்கார அக்கா மூஞ்சில திரும்ப முழிக்க முடியாது. சியாங் மாய் பழைய ஊருன்னு சொல்ற அந்த சதுரமான அகழிக்குள்ள, கிழக்கால தா பே கேட் பக்கத்துல வரிசையா வாடகை வண்டி கடைங்க இருக்கு, அதுல ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. பேங்காக் பக்கம் குப்பை கொட்டிட்டு இருக்கற நாங்க நாலு பேரு லீவு போட்டு, நைட் ட்ரெய்ன் புடிச்சு போய் இறங்கி, மே ஹாங் சோன் லூப் சுத்திட்டு வந்தோம், வடக்கு தாய்லாந்துல சியாங் மாய்ல ஆரம்பிச்சு மலைய சுத்தி அங்கயே வந்து முடியற ரூட்டு அது. சுமாரா 600 கிலோமீட்டர், மலை, காடு, வயல், மியான்மர் பார்டர் ஓரம். ரூட்ட பத்தி எழுதாதவங்களே இல்ல, ஆனா வண்டி எடுக்கற கடைய பத்தி உருப்படியா யாரும் எழுதறதில்ல, நாளைக்கு 200 பாட்டா (பாட்னா தாய்லாந்து காசு) 300 பாட்டாங்கறதோட நிறுத்திடறாங்க. என்ன கேட்டா இந்த லூப்ல வர்ற வம்புல முக்கால்வாசி கடை வாசல்லயே முடிவாயிடுது.

ஆளுங்கள சொல்லிடறேன். நான், கூட வேலை பாக்கற திருச்சிக்காரன், பேங்காக் பக்கம் ஏஐடின்னு சொல்ற யுனிவர்சிட்டில பிஎச்டி பண்ற யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர், அப்புறம் எங்க ஆபீஸ்ல இருக்கற லம்பாங் பொண்ணு. லம்பாங் சியாங் மாய்க்கு பக்கத்து ஊரு தான், அதனால வடக்கத்தி தாய் பேச்சு அவளுக்கு தண்ணி பட்ட பாடு, அது எங்களுக்கு பல இடத்துல கை குடுத்துச்சு.

கடைக்குள்ள போன உடனே அந்த அக்கா கேட்ட முதல் கேள்வி எத்தன நாளைக்குன்னு இல்ல, லைசென்ஸ் எங்கன்னு. பக்கத்து கடைல பாஸ்போர்ட்ட குடுத்தா சாவிய குடுத்துடறான், நாங்களே பாத்தோம், ஒரு வெள்ளக்கார பையன் அஞ்சு நிமிஷத்துல வண்டிய எடுத்துட்டு தப்பான பக்கமா திரும்பி போனான். இங்க அப்படி இல்ல. நான் தாய் லைசென்ஸ் வச்சிருக்கேன், இங்க வேலை பாக்கறவங்க லேண்ட் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல எடுக்கணும், முதல் தடவை 2 வருஷத்துக்கு தருவாங்க, அப்புறம் 5 வருஷம், காருக்கு தனி பைக்குக்கு தனி. கலர் தெரியுதா, பிரேக் எவ்வளவு சீக்கிரம் அமுக்கறோம்னு டெஸ்ட் வப்பாங்க, பைக்குக்கு ஒல்லியான பலகை மேல வண்டிய கால் ஊனாம ஓட்டணும், அது பாக்க சிரிப்பா இருக்கும், ஆனா அங்க தான் நெறய பேரு கவுந்துடுவாங்க. லம்பாங் பொண்ணுக்கு பிரச்சனையே இல்ல. யாழ்ப்பாணத்து அண்ணாவும் இங்க வந்த உடனேயே ரெண்டு கார்டும் எடுத்து வச்சிட்டாரு, அவரு எல்லாத்துலயும் அப்படி தான்.

மாட்டினது திருச்சிக்காரன். இங்க வந்து கொஞ்ச மாசம் தான் ஆகுது, ஊர்ல இருந்து இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துட்டு வந்திருந்தான், ஆர்டிஓல 1000 ரூபா கட்டி ஒரு வருஷத்துக்கு குடுப்பாங்களே அது. அக்கா அத வாங்கி கடைசி பக்கத்த திருப்பி பாத்தாங்க. அந்த பக்கத்துல ஏ, பி, சின்னு வரிசையா கட்டம் இருக்கும், ஏ தான் பைக்கு. இவனுக்கு பி கட்டத்துல மட்டும் தான் சீல் குத்தியிருக்கு. காலேஜ் காலத்துல இருந்து பல்சர் ஓட்டறவன் இவன், ஆனா லைசென்ஸ் என்னவோ காருக்கு மட்டும் தான் எடுத்திருக்கான், ஊர்ல யாரு கேக்கறா. அக்கா சிரிச்சுகிட்டே தலைய ஆட்டி "நோ மோட்டர்பை" அப்படின்னு சொல்லிட்டாங்க. இவன் கெஞ்சினான், கூட 100 பாட் தரேன்னான், பக்கத்து கடைக்கு போறேன்னு மெரட்டினான், அதுக்கும் சிரிப்பு தான். கடைசில யாழ்ப்பாணத்து அண்ணா தான், "தம்பி, அவ சொல்றது சரிதானே, விழுந்தா ஆர் காசு கட்டுறது? வா, எனக்கு பின்னால ஏறு" ன்னு முடிச்சு வச்சாரு.

இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்த கடைக்கு முழு மார்க் குடுப்பேன். ஏன்னு சொல்றேன். தாய்லாந்துல எல்லா வண்டிக்கும் கட்டாய இன்சூரன்ஸ் ஒண்ணு இருக்கு, போ ரோ போன்னு சொல்வாங்க, அது ஆளுக்கு அடிபட்டா ஒரு அளவுக்கு ஆஸ்பத்திரி செலவுக்கு வரும், வண்டிக்கு ஒரு பைசா வராது. மீதி செலவுக்கு நம்ம டிராவல் இன்சூரன்ஸோ கம்பெனி குடுத்த இன்சூரன்ஸோ தான் கதி, அவங்க முதல்ல கேக்கறது அந்த ஊரு சட்டப்படி பைக் ஓட்ட லைசென்ஸ் இருந்துச்சான்னு. இல்லன்னா கோவிந்தா. மலையில கால் ஒடிஞ்சு, அங்கேருந்து ஆம்புலன்ஸ்ல சியாங் மாய் வந்து, பிளேட் வச்சு, பில்லு வரும் பாருங்க, லட்சக்கணக்குல பாட், அத கைக்காசுல கட்டணும். லைசென்ஸ் கேக்காம சாவி குடுக்கற கடை நமக்கு ஏதோ சலுகை பண்றான்னு நெனைக்கறோம், அவனுக்கு வாடகை வந்தா சரி, விழுந்தா நம்ம பாடு.

அடுத்து டெபாசிட். இதுல கடைங்க மூணு விதமா கேக்கறாங்க, ஒரிஜினல் பாஸ்போர்ட், இல்ல காசு, இல்ல ரெண்டும். பாஸ்போர்ட்ட குடுக்கவே குடுக்காதீங்க. வழியில ரூம் எடுக்க அது வேணும், பார்டர் பக்கம் ராணுவ செக்போஸ்ட்ல கேப்பாங்க, அதவிட முக்கியம், வண்டில கோடு விழுந்திருக்கு 8000 குடுன்னு ஒருத்தன் நின்னா பாஸ்போர்ட் அவன் கையில இருக்கறப்ப நாம என்ன பேரம் பேச முடியும்? இங்க வண்டிக்கு 3000 பாட் காசு, பாஸ்போர்ட் ஜெராக்ஸ், அவ்வளவு தான். சின்ன துண்டுச்சீட்டுல எழுதி கையெழுத்து போட்டு குடுத்தாங்க. டேமேஜ் கவர்னு நாளைக்கு கொஞ்சம் பாட் சேத்து விக்கறாங்க, அத இன்சூரன்ஸ்னு நெனச்சுக்காதீங்க, கடைக்கும் நமக்கும் நடுவுல இருக்கற ஏற்பாடு அது, சின்ன கீறலுக்கு கேக்க மாட்டேன்னு ஒரு வாக்கு. நாங்க எடுக்கல.

வாடகை கிளிக் 125ங்கற சின்ன ஸ்கூட்டருக்கு நாளைக்கு 300, பிசிஎக்ஸ்ங்கற பெரிய ஸ்கூட்டருக்கு 500 சொன்னாங்க. பக்கத்துல 200க்கே கிளிக் கெடைக்குது, ஆனா அந்த வண்டிங்க டயர பாத்தா வழுக்கை. இந்த அக்கா என்ன பண்ணாங்கன்னா, ஒவ்வொரு வண்டியா நிறுத்தி, கீழ உக்காந்து, விரல் நகத்த டயர் பள்ளத்துக்குள்ள விட்டு எவ்வளவு ஆழம் இருக்குன்னு காட்டினாங்க, அப்புறம் முன் பிரேக் பேட எட்டி பாக்க சொல்லி டார்ச் அடிச்சாங்க, ஹாரன், இண்டிகேட்டர், ரெண்டு லைட்டு, எல்லாம் போட்டு போட்டு பாத்தாங்க. வரி ஸ்டிக்கர் இந்த வருஷத்துதான்னு காட்டினாங்க. கடைசியா அவங்க போன்ல வண்டிய சுத்தி வீடியோ எடுத்து, அத எங்களுக்கே லைன்ல (இங்க வாட்ஸ்அப் மாதிரி ஒரு ஆப்) அனுப்பி வச்சிட்டாங்க. இத நாம தான் எடுப்போம் வழக்கமா, கடைக்காரங்களே எடுத்து அனுப்பறது நான் எங்கயும் பாக்காதது.

சரி கடுப்புக்கு வரேன். ஹெல்மெட். அய்யோ. உள்ள இருக்கற பஞ்சு எத்தன தலையோட வேர்வைய குடிச்சிருக்குமோ தெரியல, கண்ணாடி வேற பூரா கீறல், சாயங்கால வெயில்ல எதிர்ல வர்றது ஒண்ணும் தெரியாது. வாடகையில 300 வாங்கறவங்க ஹெல்மெட்டுக்கு ஒரு துணி உறையாவது போட்டு தரலாம். நாங்க மூணு பேரு ஊருக்கு வெளிய இருக்கற சூப்பர் மார்க்கெட்ல சில நூறு பாட்டுக்கு புது ஹெல்மெட் வாங்கிட்டோம், பேங்காக்லயும் ஆகும்ல. போன் ஹோல்டர் குடுத்தாங்க, அது லூசு, முதல் குழியிலயே போன் தரைய பாத்து தொங்குது. இன்னொண்ணு, கடை சாயங்காலம் 7 மணிக்கு மூடிடுவாங்க, அதுக்கு மேல வந்தா இன்னொரு நாள் வாடகை. சொல்லித்தான் குடுத்தாங்க, ஆனாலும் அரை மணி நேரத்துக்கு ஒரு முழு நாளாங்கறது ஓவர்.

இப்ப வண்டி. ஹோண்டா கிளிக் 125, கியர் இல்லாதது, தண்ணி கூலிங், டேங்க் 5.5 லிட்டர். ஒரு ஆளும் ஒரு பையும்னா இந்த லூப்புக்கு தாராளமா போதும், நான் அதுல தான் போனேன். ரெண்டு பேருன்னா பிசிஎக்ஸ் எடுங்க, 160 சிசி, டேங்க் 8 லிட்டர், சீட்டுக்கு கீழ முழு ஹெல்மெட் போனது போக ரெயின்கோட்டும் போகும், பின்னாடி உக்காரறவங்களுக்கு சீட்டு அகலம். திருச்சிக்காரன் கொஞ்சம் வெயிட்டான ஆளு, யாழ்ப்பாணத்து அண்ணாவும் சளைச்சவர் இல்ல, ரெண்டு பேரையும் வச்சுகிட்டு அந்த ஏத்தத்த பிசிஎக்ஸ் மூச்சு வாங்காம ஏறுச்சு. ரெண்டு பேரு உக்காந்த கிளிக் ஒண்ணு எங்களுக்கு முன்னாடி போச்சு, ஒரு கட்டத்துல பின்னாடி இருந்த பொண்ணு இறங்கி நடந்து வந்துச்சு.

ஆனா ஏத்தம் பிரச்சனையே இல்ல, இறக்கம் தான் ஆளக் கொல்லும். அக்காவோட வீட்டுக்காரரு தான் கடை மெக்கானிக், அவரு கெளம்பறதுக்கு முன்னாடி லம்பாங் பொண்ண மொழிபெயர்க்க சொல்லி எங்களுக்கு ஒரு பாடம் எடுத்தாரு. கியர் வண்டில இறக்கத்துல செகண்ட் போட்டா இஞ்சினே இழுத்து புடிக்கும். இந்த மாதிரி பெல்ட் வண்டில ஆக்சிலேட்டர முழுசா விட்டுட்டு வேகம் ரொம்ப கொறஞ்சா உள்ள இருக்கற கிளட்ச் விட்டுடும், வண்டி சைக்கிள் மாதிரி சும்மா உருளும், அப்ப பிரேக் மட்டும் தான் பாக்கி. தொடர்ந்து பத்து நிமிஷம் பிரேக்கயே புடிச்சுட்டு வந்தா சூடாகி புடிக்காம போயிடும். அதனால ஆக்சிலேட்டர துளியூண்டு வச்சுகிட்டே இறங்கணும், கிளட்ச் கவ்விக்கும், வளைவுக்கு முன்னாடியே ரெண்டு பிரேக்கையும் சேத்து அமுக்கி வேகத்த கொறச்சுட்டு, வளைவுல பிரேக்க தொடக்கூடாது. கருகின வாசனை வந்தா நிறுத்தி ஒரு டீ குடிச்சுட்டு கெளம்புங்கன்னாரு. இந்த பத்து நிமிஷ பாடத்துக்கு வாடகையில கூட குடுத்த 100 பாட் செரிச்சு போச்சு.

ரோட்டுக்கு வருவோம். சியாங் மாய்ல இருந்து 107ம் நம்பர் ரோட்டுல வடக்கால மே மாலாய் வரைக்கும் லாரி, பஸ், பிக்கப்னு ஒரே கூட்டம், அத எப்படா தாண்டுவோம்னு இருக்கும். அங்க இடது பக்கம் 1095ல திரும்பினா தான் பயணம் ஆரம்பிக்குது. இங்கயும் நம்ம ஊரு மாதிரி இடது பக்க டிரைவிங் தான், அது ஒரு நிம்மதி. பாய் ஊரு வரைக்கும் 762 வளைவு, லூப் முழுசுக்கும் 1864 வளைவுன்னு கணக்கு, டிஷர்ட்ல எல்லாம் போட்டு விக்கறாங்க. கொல்லிமலையோட 70 கொண்டை ஊசிய ஏறினவங்களுக்கு வளைவு ஒண்ணும் புதுசு இல்ல, ஆனா அது ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும், இது நாள் பூரா விடாது, மூணாவது நாள் தூக்கத்துல கூட இடுப்பு தானா சாயும். ரோடு மட்டும் அருமை, கிராமத்து மலைரோடுன்னு சொல்லவே முடியாது, வெள்ளக் கோடு, வளைவுல கண்ணாடி, இரும்பு தடுப்புன்னு எல்லாம் இருக்கு.

1095ல கொஞ்ச தூரத்துலயே போலீஸ் செக்கிங். வாடகை வண்டில வர்ற வெளிநாட்டு ஆளுங்கள தான் ஓரம் கட்டறாங்க. நான் கார்டக் காட்டினேன், போன்னாரு. யாழ்ப்பாணத்து அண்ணா காட்டினாரு, அவரயும் போன்னாரு. பின்னாடி உக்காந்திருந்த நம்ம திருச்சிக்காரன் அப்ப தான் முதல் தடவையா வாய மூடிட்டு இருந்தான். எங்களுக்கு பக்கத்துல ரெண்டு பசங்க, லைசென்ஸ் இல்ல, ஒருத்தன் தலையில ஹெல்மெட்டும் இல்ல, ரெண்டுக்கும் தனித்தனியா ரசீது போட்டுட்டு இருந்தாங்க. 2022ல இருந்து ஹெல்மெட் போடலன்னா அபராதம் 2000 பாட் வரைக்கும் போடலாம்னு சட்டத்த மாத்திட்டாங்க, எவ்வளவு போடறாங்கங்கறது அந்தந்த ஆபீசரப் பொறுத்தது.

பாய் ஊர பத்தி நான் அதிகம் சொல்லப்போறதில்ல. நைட் மார்க்கெட், ஸ்மூத்தி, கைல கால்ல கட்டு போட்ட வெள்ளக்கார பசங்க, அது தான் பாய். நிஜமாவே எந்த காபி கடைல உக்காந்தாலும் முட்டியில பேண்டேஜ் போட்ட ஒருத்தர பாக்கலாம், பாதி பேரு ஸ்கூட்டர இங்க வந்து தான் முதல் தடவையா தொட்டிருப்பாங்க. ஊருக்கு முன்னாடி ஆத்து மேல ஒரு இரும்பு பாலம் இருக்கு, ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரன் கட்டினதுன்னு எல்லாரும் நின்னு போட்டோ எடுக்கறாங்க. இந்த வழிய பர்மாவுக்கு போக ஜப்பான் ராணுவம் போட்டது உண்மை தான், ஆனா இப்ப நிக்கற இரும்பு சியாங் மாய்ல இருந்த பழைய நவரத் பாலத்த பிரிச்சு கொண்டாந்து மாட்டினது. பாய் கேன்யன்ல அந்த ஒத்தையடி மண் முகடு, ரெண்டு பக்கமும் பள்ளம், கைப்பிடி கெடையாது, செருப்போட போகாதீங்க. ஒரு ராத்திரி தங்கிட்டு கெளம்பிடுங்க.

பாய் தாண்டி சோப்பாங் வழியா மே ஹாங் சோன் போற அந்த 110 கிலோமீட்டர், அதுக்கு தாங்க காசு. கூட்டம் பாயோட நின்னுடுது. கீவ் லோம் வியூபாயிண்ட்ல மலைவாசி அம்மாங்க பூண்டு, பீன்ஸ், காட்டுத்தேன் எல்லாம் வச்சு விக்கறாங்க, கீழ மடிப்பு மடிப்பா மலை. ஜனவரி, காலைல எட்டு மணிக்கு கைவிரல் மரத்துப் போயி பிரேக் லீவர் எங்க இருக்குன்னே தெரியல, கையுறை கண்டிப்பா எடுத்துட்டு போங்க, பேங்காக் சூட்டுல பேக் பண்றப்ப இது யாருக்கும் தோணாது.

சோப்பாங்ல இருந்து ஒரு 9 கிலோமீட்டர் உள்ள போனா தாம் லோட் குகை. ஒரு ஆறே குகைக்குள்ள புகுந்து அந்த பக்கமா வெளிய வருது. தனியா விட மாட்டாங்க, கிராமத்து அக்கா ஒருத்தங்க பெட்ரோமாக்ஸ் லைட்ட தூக்கிட்டு முன்னாடி போவாங்க, அப்புறம் மூங்கில் தெப்பத்துல உக்கார வச்சு தள்ளிட்டு போவாங்க, மேல வவ்வால் எச்சம் நாத்தம், கீழ மொய்க்க மொய்க்க மீனு. நாங்க போனது மத்தியானம், சாயங்காலம் போயிருந்தா ஆயிரக்கணக்குல உழவாரக்குருவி கூட்டமா குகைக்குள்ள திரும்பறத பாக்கலாமாம்.

குகைல இருந்து திரும்பறப்ப தான் என் வண்டி பின் டயர்ல ஆணி. கடைக்கு இது தான் நிஜ பரீட்சை. லைன்ல போட்டோ அனுப்பினேன், ரெண்டு நிமிஷத்துல வீடியோ கால் வந்துடுச்சு, மெக்கானிக் அண்ணன் தான். ஆணிய புடுங்காதே, காத்து எறங்கற வரைக்கும் மெதுவா ஓட்டி சோப்பாங் போன்னாரு. அங்க ரோட்டோரத்துல ஒரு மெக்கானிக், அவருகிட்ட இவரே போன்ல பேசிட்டாரு, டியூப்லெஸ் டயருங்கறதால ஆணிய எடுத்துட்டு ஓட்டைக்குள்ள ஒட்டுத் திரிய குத்தி பத்து நிமிஷத்துல முடிச்சு குடுத்துட்டாரு. காசு நம்ம காசு தான், பஞ்சர் வாடகைக்காரன் செலவுன்னு சீட்டுலயே இருக்கு, அதுல எனக்கு வருத்தம் இல்ல, போன எடுத்தாங்களே, அது போதும்.

பெட்ரோல் பத்தி ஒரு வார்த்தை. பெரிய ஊருல எல்லாம் பிடிடி பங்க் இருக்கு, கேசஹால் (எத்தனால் கலந்த பெட்ரோல்) 91 இல்ல 95 போட்டுக்கலாம். நடுவுல கிராமத்துல பெட்டிக்கடை வாசல்ல சாராய பாட்டில்ல சிவப்பா ஊத்தி வச்சிருப்பாங்க, இல்லன்னா டிரம்மு மேல கண்ணாடி குழாய் வச்ச கைப்பம்பு. விலை பங்க்க விட கூட, ஆனா அவசரத்துக்கு அது தெய்வம். கிளிக்கோட சின்ன டேங்க்குக்கு பாதி முள்ளு எறங்கினாலே ரொப்பிடுங்க, அடுத்த ஊருல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.

மே ஹாங் சோன் ஊரு எனக்கு ரொம்ப புடிச்சு போச்சு. நடுவுல ஒரு குளம், கரையில சோங் காம், சோங் கிளாங்னு ரெண்டு கோவில், பர்மா ஸ்டைல்ல அடுக்கடுக்கா கூரை, ராத்திரி விளக்கு போட்டா தண்ணில அப்படியே தெரியும். இங்க ஜனங்க பாதி ஷான் ஆளுங்க, மியான்மர் பக்கமும் இருக்கற இனம், சாப்பாடு வேற மாதிரி. யாழ்ப்பாணத்து அண்ணா வெள்ளிக்கிழமை விரதம், மீன், இறைச்சி தொட மாட்டாரு, தாய்லாந்துல இது பெரிய ரோதனை, எதுல பாத்தாலும் மீன் சாஸ் இருக்கும். லம்பாங் பொண்ணு சந்தைல ஒரு பாட்டிகிட்ட கூட்டிட்டு போனா. கடலை மாவ கரைச்சு கூழ் மாதிரி காய்ச்சி, அது சுடச்சுட இருக்கறப்பவே அரிசி நூடுல்ஸ் மேல ஊத்தி, பூண்டு எண்ணெ, வேர்க்கடலை, மொளகாத்தூள் தூவி தராங்க. ஷான் டோஃபுன்னு பேரு, சோயாவே கெடையாது. மீன் சாஸ் வேணாம்னு சொல்லி வாங்கினோம். அண்ணா ரெண்டு கிண்ணம் முடிச்சுட்டு "இது எங்கட கடலமா தானே" ன்னு மூணாவத கேட்டாரு. அதே மாவு ஆறி கட்டியானத வெட்டி எண்ணெயில பொரிச்சும் விக்கறாங்க, திருச்சிக்காரன் அதுக்கு தேங்கா சட்னி இல்லையேன்னு பொலம்பிகிட்டே ஒரு பொட்டலத்த காலி பண்ணான்.

பான் ரக் தாய் போனோம், பார்டர ஒட்டி இருக்கற கிராமம், சீனாவோட யுன்னான்ல இருந்து கம்யூனிஸ்ட் படைகிட்ட தோத்து ஓடி வந்த கோமிண்டாங் கட்சி சிப்பாய்ங்களோட குடும்பங்க குடியேறின இடம். ஏரி, தேயிலைத் தோட்டம், மண்வீடு. டீ நல்லா இருக்கு, ஆனா போட்டோவுக்கு போஸ் குடுக்கற கூட்டம் ஜாஸ்தி. கடைசி ஏத்தம் செங்குத்து, பிசிஎக்ஸ்லயும் திருச்சிக்காரன் இறங்கி நடந்தான், அத மறைக்காம எழுதுன்னு அண்ணாவே சொன்னாரு. கழுத்துல வளையம் போட்ட பெண்கள் இருக்கற கிராமத்துக்கு டிக்கெட் வாங்கிட்டு போறது எனக்கு சரியா படல, போகல.

மே ஹாங் சோன்ல இருந்து தெக்கால 108 ரோடு, குன் யுவாம் வழியா மே சரியங், 165 கிலோமீட்டர் வாக்குல. நவம்பர்ல போனா குன் யுவாம் பக்கத்து மலை பூரா மஞ்சளா காட்டு சூரியகாந்தி பூத்து கெடக்கும், நாங்க போன ஜனவரில வெறும் காஞ்ச குச்சி. குன் யுவாம்ல ஜப்பான் சிப்பாய்ங்க விட்டுட்டு போன சாமான்கள வச்சு ஒரு மியூசியம் இருக்கு, துருப்புடிச்ச லாரி, தண்ணி குடுவை, அரை மணி நேரம் தாராளமா நிக்கலாம். மே சரியங் அமைதியான ஊரு, யுவாம் ஆத்தோரம் ரூம் சல்லிசு. அங்கேருந்து கடைசி நாள் 190 கிலோமீட்டர் சியாங் மாய்க்கு, போ கேவ் பைன் மரக் காடு, ஓப் லுவாங் பள்ளத்தாக்கு வரைக்கும் சூப்பர், ஹோட் ஊரு தாண்டினா நேர் ரோடு, வெயில், லாரி, உக்கார முடியாம ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு ஓட்டினேன். குன் யுவாம்ல இருந்து மே சேம் வழியா டோய் இந்தனோன் மேல ஏறி வர்ற குறுக்கு வழி ஒண்ணு இருக்கு, தாய்லாந்துலயே உசரமான மலை, 2565 மீட்டர், ஆனா மே சேம்ல இருந்து மேல ஏறற ரோடு சொவரு மாதிரி நிக்கும், ரெண்டு பேரு உக்காந்த ஸ்கூட்டர்ல அத பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க.

எல்லாரும் பாய் வழியா தான் ஆரம்பிக்கறாங்க, நாங்களும் அப்படி தான். ஆனா மலையில ஓட்டி பழக்கம் இல்லாதவங்க திருப்பி போடுங்கன்னு தான் நான் சொல்வேன். ஹோட் பக்கமா ஆரம்பிச்சா முதல் பாதி நாள் நேர் ரோடு, வண்டியோட பிரேக்கும் எடையும் கைக்கு பழகிடும், அப்புறம் மலை. பாய் பக்கமா போனா வண்டி கைக்கு வர்றதுக்குள்ள 762 வளைவும் வந்து நிக்குது, அந்த பேண்டேஜ் கூட்டத்துக்கு அதான் காரணம்னு எனக்கு படுது. அஞ்சு நாளாவது வச்சுக்கோங்க, மூணு நாள்ல முடிச்சேன்னு பெருமை பேசறவங்க ரோட்ட மட்டும் தான் பாத்திருப்பாங்க.

திருப்பி குடுக்க 6:40க்கு தான் கடைக்கு போய் சேந்தோம், அகழிய சுத்தின ஒன்வேல ஒரு ரவுண்டு தேவையில்லாம போயிட்டோம். மெக்கானிக் அண்ணன் அந்த பழைய வீடியோவ போன்ல ஓட விட்டுட்டு வண்டிய சுத்தி வந்தாரு. லம்பாங் பொண்ணு வண்டியோட கண்ணாடி பின்பக்கத்துல ஒரு கீறல், பார்க்கிங்ல யாரோ இடிச்சது. என் கை பர்சுல இருந்துச்சு, அவரு கட்டைவிரல எச்சில்ல நனைச்சு தேச்சு பாத்தாரு, பாதி போச்சு, மீதிய விட்டுட்டாரு. 3000மும் அப்பவே கைக்கு வந்துடுச்சு. அக்கா மட்டும் என் வண்டியோட பஞ்சர் ஒட்டின இடத்த கையால தடவி பாத்துட்டு, இந்த டயர மாத்திடுன்னு புருஷன்கிட்ட சொன்னாங்கன்னு லம்பாங் பொண்ணு காதுல சொன்னா. ஹெல்மெட்டுக்கு மார்க் கொறச்சு, கடைக்கு பத்துக்கு எட்டு.

போறவங்களுக்கு, பிப்ரவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும் காட்டையும் வயலையும் எரிக்கற புகை, மலையே தெரியாது, கண்ணு எரியும், அப்ப போகவே போகாதீங்க. மே மாசத்துல இருந்து மழை. நவம்பர்ல இருந்து ஜனவரி தான் சரி, அதுலயும் டிசம்பர் கடைசி வாரம் பேங்காக் ஜனமே கார எடுத்துட்டு அங்க தான் நிக்கும், ரூம் கெடைக்காது. பிசிஎக்ஸ் வேணும்னா போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கடைக்கு மெசேஜ் போட்டு சொல்லி வைங்க, நேர்ல போய் கேட்டா கிளிக் தான் மிச்சம் இருக்கும், ஊர்ல கார் லைசென்ஸ் மட்டும் வச்சிருக்கறவங்க கெளம்பறதுக்கு முன்னாடி ஆர்டிஓல பைக்கையும் சேத்துட்டு அப்புறம் பெர்மிட்டுக்கு எழுதி குடுங்க.